கூலிங் கிளாஸ் போட்டவன்

என் தம்பிக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் ஒன்றுமே இல்லை. சந்தேகமிருந்தால் அவனையே கேட்கலாம், சொல்வான். பஸ் ஓட்டுகிறவன். ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக இருக்கிற மலைப்பாதையில், வருஷக்கணக்காக வண்டியில் ஒரு கீறல் விழாமல் போய்வருகிறான். அதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். மற்ற விஷயங்களில் வாய்தான் அதிகம்.

அன்று மதியம் தையல் கடையிலிருந்து சாப்பிட வந்தேன். வீட்டின் முன்பக்கம்தான் என் வீட்டுக்காரரின் வெல்டிங் பட்டறை. ஆள் உயரத்துக்கு மேல் இருந்த ஒரு இரும்புக் கேட்டுக்கு அவர் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு பெரிசைத் தனியாவா நிறுத்தி ஒட்டுனீங்க?"

"காலையில டூட்டிக்குப் போற வழியில உன் தம்பி எட்டிப் பார்த்தான். ஆளைப் புடிச்சு வேலையில போட்டுட்டேன். கடைசி வரைக்கும் அவன்தான் புடிச்சுக்கிட்டு நின்னான்." சிரித்தார். "கூலிங் கிளாஸை மாட்டிக்கிட்டு, சினிமா ஹீரோ கணக்கா."

சாப்பிட உள்ளே போகத் திரும்பியவள் நின்றேன்.

"கூலிங் கிளாஸா? வெல்டிங் முகமூடி குடுக்கலையா?"

"இருக்கிறது ஒண்ணு. அதைக் குடுத்துட்டு நான் என்ன பண்றது? முகத்தைத் திருப்பிக்கடான்னு சொன்னேன்."

"திருப்பினானா?"

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். முகமூடிக்குள் இருக்கிறவருக்கு ஒட்டுகிற இடத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாது. "போகும்போது ஒண்ணு சொன்னான்," என்று இழுத்தார். "இரும்பு தண்ணியா உருகி ஒட்டுறதைப் பக்கத்துல பார்த்தா அழகா இருக்கு மாமான்னு."

"நீங்களும் ஆமாண்டான்னு சிரிச்சீங்களாக்கும்."

அவர் பெயின்ட் டப்பாவை மூடினார். முகம் செத்துப்போயிருந்தது.

கல்யாணமான புதிதில் இந்த மனுஷனே அந்தக் கூத்தை ஆடியிருக்கிறார். சின்ன வேலைதானே என்று முகமூடி இல்லாமல் ஒட்டினார். அந்த வெளிச்சம் கண்ணில் விழும்போது ஒன்றும் தெரியாது. நன்றாகச் சாப்பிட்டார், என்னைக் கிண்டல் செய்தார். பல மணி நேரம் கழித்துத்தான் ஆரம்பித்தது. கண்ணைத் திறக்க முடியாமல், தண்ணீர் கொட்ட, சுவரில் முட்டிக்கொண்டு நின்றார். வெயில் தோலைச் சுடுகிற மாதிரி அந்த வெளிச்சம் கண்ணின் மேல்பரப்பைச் சுட்டுவிடும், வலி மெதுவாகத்தான் வரும் என்றார் டாக்டர். இரண்டு நாள் ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு கிடந்தார். தெருவோரத்தில் வாங்கிய கூலிங் கிளாஸ் அந்த வெளிச்சத்தை என்ன செய்துவிடும்? பக்கவாட்டில் எல்லாம் திறந்துதானே கிடக்கிறது.

காலையில் பார்த்திருக்கிறான். வலி வருகிற நேரத்துக்கு அவன் பஸ்ஸோடு மலையில் இருப்பான்.

போன் அடித்தேன். அணைத்து வைத்திருந்தான். வண்டி ஓட்டும்போது போனைத் தொடமாட்டான். அந்த நல்ல பழக்கத்தை அன்று வாய்விட்டுத் திட்டினேன்.

"மதிய டிரிப்புக்கு மலை ஏறுறதுக்கு முன்னாடி அடிவாரத்துல ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்த நிறுத்துவான். வண்டியை எடுங்க."

போகிற வழியெல்லாம் "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்" என்று புலம்பிக்கொண்டே வந்தார்.

"அதை அப்புறம் ரெண்டு பேருமா அடிக்கலாம். இப்ப வேகமாப் போங்க."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பஸ் நகர ஆரம்பித்திருந்தது. இவர் மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய்க் குறுக்கே நிறுத்தினார். பிரேக் பிடித்த வேகத்தில் உள்ளேயிருந்தவர்கள் எல்லாம் முன்னால் சாய்ந்தார்கள். தம்பி தன் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு குதித்து வந்தான்.

"என்ன மாமா இது? அக்கா, வீட்ல யாருக்கு என்ன?"

"உனக்குத்தான். அந்தக் கண்ணாடியைக் கழட்டு."

கழற்றினான். கண் லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். நடந்ததைச் சொன்னேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் உனக்குக் கண் தெரியாது, வண்டியை ஓட்டாதே என்றேன். அவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தூரத்தில் நின்ற லாரியின் நம்பரை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தான். ஜன்னலோரங்களில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ஏம்மா, உங்க குடும்பச் சண்டையை வீட்டோட வெச்சுக்கக் கூடாதா?" என்றார் முன் சீட்டில் பெட்டியோடு உட்கார்ந்திருந்த ஒருவர்.

கண்டக்டர் இறங்கி வந்து என் காதோரமாகச் சொன்னார். "அக்கா, அண்ணன் மேல ஏற்கெனவே ஒரு புகார் இருக்கு. இப்ப காரணமில்லாம வண்டி நின்னா அவரை வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

தம்பி திரும்பி நடந்தான். அவன் ஏறுவதற்குள் நான் ஓடிப்போய், திறந்திருந்த கதவு வழியாக எக்கிச் சாவியை உருவிக்கொண்டேன்.

"குடு."

"மாட்டேன்."

"என் வேலை போயிரும்க்கா."

"போகட்டும்."

"எனக்கும் பிள்ளைங்க இருக்கு. நீயா சோறு போடுவ?" அவன் இப்படி என்னிடம் பேசியதே இல்லை. "இனிமே உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். அக்கான்னு ஒருத்தி இல்லைன்னு நெனச்சுக்கிறேன்."

மூடிய கையை நான் திறக்கவில்லை. கண்டக்டர் டிப்போவுக்குப் போன் செய்தார். வேறு டிரைவர் வருகிறாராம். கண்ணுக்கு ஒன்றுமில்லை என்றால் தம்பி நாளையிலிருந்து வரவேண்டாமாம்.

காத்திருந்தோம். பயணிகள் இறங்கி நின்று என்னைத் திட்டினார்கள். ஒரு குழந்தை விடாமல் அழுதது. தம்பி சற்றுத் தள்ளி ஒரு கல்லில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். என் வீட்டுக்காரர் அவன் பக்கம் போவதும், பேசத் தைரியமில்லாமல் திரும்பி வருவதுமாக இருந்தார்.

நான் தம்பியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை முகத்துக்குப் போகிறதா? போகவில்லை. அவன் பாட்டுக்குக் கல் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தான். எனக்குப் பயம் வந்தது. அவன் நிஜமாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு சும்மா ஜம்பத்துக்காக அழகு கிழகு என்று அளந்திருந்தால்? அவன் பிழைப்பில் நான் மண்ணைப் போட்டதாகிவிடும். வலி வரட்டும், வந்து தொலையட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்த பிள்ளைக்குக் கண் எரியவேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

கல் எறிவது நின்றது. கை ஒருமுறை கண்ணுக்குப் போனது. பிறகு கூலிங் கிளாஸை எடுத்து மாட்டினான். மாட்டியும் தலையைக் குனிந்துகொண்டான்.

"கண்ணைத் தேய்க்காத," என்றேன்.

அவன் கழுத்தில் கிடந்த துண்டை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அக்கா. எங்க இருக்க?"

"இங்கதான் நிக்கிறேன்."

"மண்ணை வாரிக் கொட்டின மாதிரி இருக்குக்கா. தொறக்கவே முடியல."

அப்பாடா என்றது என் மனம். முதலில் வந்தது அதுதான், பொய் சொல்ல மாட்டேன். அப்புறம்தான் துண்டையும் கண்ணாடியையும் விலக்கி அவன் முகத்தைப் பார்த்தேன். இமை வீங்கி, தாடை வரை தண்ணீர் வழிய, வெளிச்சத்துக்கு எந்தப் பக்கம் மறைவதென்று தெரியாமல் தலையைத் திருப்பித் திருப்பித் தவித்துக்கொண்டிருந்தான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன், அவன் தட்டிவிடவில்லை.

திட்டிக்கொண்டிருந்தவர்கள் எங்களைச் சுற்றி வந்து நின்றார்கள். பெட்டிக்காரர் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து துண்டை நனைத்துக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் அதை வாங்கி மடித்து அவன் கண்மேல் வைத்து, "அழுத்தாதடா, சும்மா வெச்சுக்க. டாக்டர்கிட்ட போயிரலாம்," என்றார்.

தம்பி ஈரத்துண்டைக் கண்ணோடு பிடித்துக்கொண்டான். பிறகு கண்டக்டரைக் கூப்பிட்டான்.

"அப்பவே கெளம்பியிருந்தா இந்நேரம் எங்க போயிருப்போம்?"

கண்டக்டர் மேலே போகிற ரோட்டைப் பார்த்தார்.

"பாதி மலையில, அண்ணே."

அதுவரைக்கும் நான் தைரியமாகத்தான் நின்றேன். அதைக் கேட்டதும் அவன் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.