தேதி போடாத ராஜினாமா

1

இந்தக் கதை என் அக்காவுடையது. அவளைக் கேட்டு எடுக்கவில்லை, அவள் போன பிறகு எடுத்துக்கொண்டேன். முதலிலேயே சொல்லிவிட்டேன் கண்ணுகளா, பிறகு கோபிக்கக் கூடாது.

அக்கா ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடித்தாள். கூடவே, கண்ணால் பார்க்காத கம்பெனிகளுக்கு இயக்குநராகக் கையெழுத்தும் போட்டாள். நிஜ முதலாளி யாரென்று வெளியே தெரியாமலிருக்க அந்த ஏற்பாடு. சேருகிற அன்றே ராஜினாமாக் கடிதத்திலும் கையெழுத்து வாங்கிவிடுவார்கள், தேதி மட்டும் போடாமல். அது வக்கீலின் டிராயரில் தூங்கும்.

"கல்யாணத்தன்னைக்கே விவாகரத்துப் பத்திரம்டி" என்று சிரிப்பாள்.

2

இந்தக் கதைக்கு நான் எழுதிய முதல் தொடக்கம்: ‘பேராசை பிடித்த முதலாளி ஒருவன் தன் மாளிகையில்...’

கோடு போட்டு அடித்துவிட்டேன். ஆளைப் பார்க்காமல் அரக்கனாக்குவது சுலபம்.

இரண்டாவது: ‘சலவைக்கூடத்தில் பாய்லர் வெடித்த அன்று...’

இது நடந்தது. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் அந்தக் கூடமும் அக்கா பெயரில் இருந்தது. வால்வு ஒழுகுகிறதென்று தொழிலாளிகள் இரண்டு முறை எழுதிக் கொடுத்திருந்தார்கள். வெடித்ததில் இஸ்திரி போடுகிறவருக்கு இரண்டு கையும் வெந்துபோயிற்று. அவர் மனைவி கம்பெனிப் பதிவேட்டில் விலாசம் பார்த்து அக்கா வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கிருந்தேன்.

"நீங்கதானே முதலாளியம்மா?"

"இல்லம்மா. பேரு மட்டுந்தான் என்னோடது. அதுலயும் இப்ப நான் இல்லையாம்." வெடித்ததற்கு முந்தின நாள் தேதியை வக்கீல் அந்த ராஜினாமாக் கடிதத்தில் போட்டிருந்தார்.

"அப்ப நிஜமா யாரு?"

அக்கா அவள் உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"கேஸ் போடப் பேரு கேக்குறாங்க. கேஸ் கிடக்கட்டும், திட்டவாவது ஒரு பேரு வேணாமா? யாரைத் திட்டுறது நான், உங்க வீட்டுச் சுவத்தையா?"

3

(அக்காவை ரொம்ப நல்லவளாக எழுதுகிறேனோ? ஒவ்வொரு கையெழுத்துக்கும் கூலி உண்டு. அதில் வாங்கிய செருப்பை நானும் போட்டு நடந்திருக்கிறேன்.)

அந்த மனைவி போனதும் அக்கா எனக்குப் பெயரைச் சொன்னாள். முதலாளி ஒரு பெண். கொல்லப் பார்த்த புருஷனிடமிருந்து குழந்தையோடு ஓடி வந்தவள். பதிவேட்டில் பெயர் ஏறினால் மறுநாளே அவன் வாசலில் நிற்பான். அதற்குத்தான் ஒளிந்தாள். போகப்போக ஒளிவது பழகிவிட்டது. வால்வுக் கடிதங்களுக்குக்கூட அவள் பதில் போடவில்லை.

"சொல்லிடட்டுமாடி?"

"உனக்கெதுக்குக்கா வம்பு? பேசாம இரு."

சாகும்வரை பேசாமலே இருந்தாள். ஊருக்கெல்லாம் கதை சொன்ன இந்த வாய்தான் அவள் வாயை அடைத்தது.

4

முடிவு ஒன்று: அக்கா சொல்லிவிடுகிறாள். கேஸ் நடக்கிறது. அடுத்த வாரம் ஓடி வந்தவளின் கதவை ஒருவன் உதைத்து...

என்னால் எழுத முடியவில்லை.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. நடந்தது இதுதான். இஸ்திரிக்காரருக்குச் சோறு ஊட்டிவிட்டு, அந்த மனைவி ஆபீஸ் ஆபீஸாக மூன்று வருடம் ஏறி இறங்கினாள்.

முடிவு மூன்று: நீதிபதியிடம் மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு சொல்லியிருக்கலாம். இது எனக்குத் தோன்றியது போன வாரம். நாற்பது வருடம் கழித்து.

அந்த மனைவி இன்னும் இருக்கிறாள். தேடிப் பிடித்து, வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். இதை வாசித்துக் காட்டப்போகிறேன். இதற்கடுத்த தாளில் ஒரே ஒரு வரி, அந்தப் பெயர். அந்தத் தாளை வாசிக்கட்டுமா, கிழிக்கட்டுமா? நீங்கள் சொல்லுங்கள் கண்ணுகளா. ஓடி வந்தவளின் புருஷன் உயிரோடு இருக்கிறானா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் நீங்களும் சொல்ல வேண்டும்.