இரண்டு மைக்கும் ஒரே அலை

திண்டிவனத்தில் எங்கள் தெருவின் இந்த முனையில் மாரியம்மன் கோயில், அந்த முனையில் மாதா கோயில். இங்கே சீனுவாசன் மைக் செட் பார்க்கிறார், அங்கே டோமினிக். இருவரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் விழுப்புரத்தில் ஒரே கடைக்குப் போய், சட்டையில் மாட்டும் கம்பியில்லாத மைக் வாங்கி வந்தார்கள். ஒரே மாடல். அலைவரிசையை மாற்ற ஒரு பொத்தான் இருப்பதை இருவருமே பார்க்கவில்லை. பெட்டியிலிருக்கும் காகிதத்தைப் படிப்பது கௌரவக் குறைச்சல்.

அன்று ஆடி ஞாயிறு. அம்மனுக்குக் கூழ். மாதா கோயிலில் பிரின்சியின் கல்யாண ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, மூன்றாவது தடவையாக, கடைசியாக. பிரசங்கம் முடிந்ததும் சாமியார் வாசிப்பார். யாரும் தடை சொல்லாவிட்டால் விழுப்புரத்து ஆன்டனிதான் மாப்பிள்ளை. பிரின்சியின் அம்மா அமலோற்பவமேரிக்கு உள்ளூர நடுக்கம். அவர் வாயால் ஏற்கனவே இரண்டு வரன் கலைந்தது ஊருக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு நான் சொல்லியிருக்கிறேன்.

பாட்டுக்குழுவுக்கு அவர்தான் தலைவி என்பதால் புது மைக் அவர் கழுத்தருகே இருந்தது. சாமியார் பழைய மைக்கில் பிரசங்கத்தை ஆரம்பித்ததும் டோமினிக் புது மைக்கின் சத்தத்தை முழுக்கக் குறைத்தார். அமலோற்பவம் பாட்டுக்குழு வெனிலாவோடு பின்னறைக்கு டீ குடிக்கப் போனார். மைக்கை அணைக்கவில்லை.

நான் கூழ் வரிசையில் இருந்தேன். சீனுவாசன் தன் மைக்கை அணைத்துவிட்டு அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தார். திடீரென்று அம்மன் கோயில் ஸ்பீக்கர் அமலோற்பவத்தின் குரலில் பேசியது.

"மாப்ளைக்கு முன்னால முடி கொஞ்சம் போயிட்டுது வெனிலா. போனா போவுது. அவங்கம்மாதான் பேஜாரு. காபி குடுத்தா சுகருங்குது, வடை வச்சா வயிறு சரியில்லங்குது. எல்லாம் பந்தா. நம்ம ஊட்டுத் தட்டுல கை வச்சா கௌரவம் கொறஞ்சிடுமாம்."

வரிசை அப்படியே நின்றுவிட்டது. ரிட்டையர்டு பௌதிக வாத்தியார் மாசிலாமணி மட்டும் குஷியாகிவிட்டார்.

"ரேடியோ, செல்போன், டிவி ரிமோட், எக்ஸ்ரே எல்லாம் ஒரே வகை அலைதாம்மா. நீளம்தான் வேற வேற. இங்க ரெண்டு மைக்கும் ஒரே நீளத்துல..."

"சார், கொஞ்சம் சும்மா இருங்க," என்றார் வரிசையிலிருந்த லட்சுமியம்மாள். "மாப்ளைக்குப் பின்னாலயாவது முடி இருக்குதான்னு கேட்டுக்கினு இருக்கோம்."

அப்போதுதான் எனக்கு முன்னால் நின்ற முக்காட்டைக் கவனித்தேன். மாப்பிள்ளையின் அம்மா செங்கோல்மேரி. பிரசங்கத்துக்கு நடுவே நழுவி வந்து, இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, தண்ணீர் பாட்டிலில் மூன்றாவதாகப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் முகம் கேப்பைக் கூழின் நிறத்துக்கு வந்தது.

"இந்தப் பேச்சு பேசற ஊட்டுல சம்பந்தமா? ஓலைய நிறுத்திட்டுத்தான் மறுவேலை," என்று மாதா கோயிலைப் பார்த்து நடந்தார். நானும் வரிசையை விட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். கூழ் அடுத்த வாரமும் ஊற்றுவார்கள்.

அதற்குள் அமலோற்பவம் மைக்கில் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்து அணைத்திருந்தார். பிரசங்கம் முடிந்தது. பாட்டு வருமென்று டோமினிக் புது மைக்கின் சத்தத்தை ஏற்றினார். அதே நேரம் அம்மன் கோயிலில் சீனுவாசன் தன் மைக்கைப் போட்டார். மாதா கோயிலுக்குள் அவர் குரல் கணீரென்று கேட்டது.

"மாப்ள ஊட்டுக்காரங்கன்னு சொல்லிக்கினு முன்னால வந்த விழுப்புரத்தம்மா, மூணாவது தபா புடிச்ச பாட்டிலுக்கு மூடிய இங்கியே வுட்டுட்டீங்க. ஜல்தி வந்து வாங்கிக்கினு போங்க."

சபை முழுவதும் திரும்பியது. வாசலில் செங்கோல்மேரி, கையில் மூடியில்லாத பாட்டில்.

சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓலையை வாசித்தார். "தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம்." எல்லோரும் வாசலையே பார்த்தார்கள்.

"தடை ஒண்ணும் இல்ல சாமி," என்றார் செங்கோல்மேரி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டே. பிறகு போய் அமலோற்பவத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"சுகருக்குக் கூழு நல்லதா சம்பந்தி?" என்றார் அமலோற்பவம், மெதுவாக.

"நல்லதுதான். நீங்க பேசினதக் கேட்டுக்கினே குடிச்சேன், இன்னும் நல்லா எறங்குச்சு."

அமலோற்பவத்தின் கை கழுத்தருகே போய் மைக்கைத் தடவிப் பார்த்தது.