மூன்று பேர் ஆகாது

கலோயின் சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் துக்கம் விசாரித்தது ஒரு செல்போனிடம்தான். சவப்பெட்டிக் கண்ணாடியின் மேல் பிஸ்கட் டப்பாவை முட்டுக்கொடுத்து அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். திரைக்குள், குவைத்தில் யாருடைய வீட்டுச் சமையலறையிலோ நின்றபடி, அவனுடைய அம்மா ஜெம்மா அழுதுகொண்டிருந்தாள். எஜமானி பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை. வந்தவர்கள் திரையைப் பார்த்து, "மனச தேத்திக்கோ ஜெம்மா" என்றார்கள். குனிந்து அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டிக்குள் பார்த்தார்கள். பிறகு பின்னால் திரும்பி, "சால்வே, காப்பி இருக்கா?" என்றார்கள்.

சால்வே காப்பி கொண்டுவந்தாள். எட்டு மாதக் குழந்தையாக அவனைக் கையில் வாங்கியதிலிருந்து ஏழாவது வயதில் டெங்குக் காய்ச்சல் கொண்டுபோகும் வரை அவனைக் குளிப்பாட்டியதும் ஊட்டியதும் அவள்தான். கலோய் அவளை அம்மா என்றான். திரையில் வருகிறவளை மம்மி என்றான். ஆனால் பெற்றவள் அழும்போது தங்கை அழுவதை யார் கவனிப்பார்கள்?

அதெல்லாம் போன வருஷம். இப்போது வருஷப் பூசை வருகிறது. அன்றைக்குத் துக்கக் கறுப்பைக் களைவார்கள். அதற்கு ஜெம்மா வருகிறாள். வேலை மாறியிருந்தாள், புது எஜமானி விடுப்பு கொடுத்துவிட்டாள். வருவதற்கு முன் தங்கையிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. கலோயின் படங்களை எல்லாம் சேர்த்து ஓர் ஆல்பம் செய்ய வேண்டும். அதில் தானும் இருக்க வேண்டும்.

அதற்காகத்தான் சால்வே சனிக்கிழமைதோறும் மதியம் ஊர் நூலகத்தின் பின்னறைக்குப் போனாள். பெண்களுக்கு அங்கே கணினியில் படம் திருத்தச் சொல்லிக்கொடுத்தார்கள். கல்யாணப் படம் எடுக்கிற ரோமெல் என்கிற இளைஞன் வாத்தியார். மவுஸைப் பிடிக்கவே கூசிய பெண்களிடம் அவன் முதல் நாள் சொன்னான்: "இங்க பயப்பட ஒண்ணுமே இல்ல மேடம். தப்பு பண்ணிட்டா அன்டூவ அமுக்குங்க. பழையபடி வந்துடும்."

"இத முப்பது வருஷம் முன்னாடி கோயில்ல வந்து சொல்லியிருக்கக் கூடாதா சார்? என் கல்யாணத்தன்னிக்கு" என்றாள் மீன்காரி பெபெங். அறை முழுக்கச் சிரித்தது.

பெபெங் சால்வேக்குப் பக்கத்துக் கணினி. அவள் தன் புருஷனின் சண்டைச் சேவல்களுக்கு ஆல்பம் செய்துகொண்டிருந்தாள். "சேவலச் சுத்தி வெட்டுறது சுலபமா இருக்குடி. இவரச் சுத்தி வெட்டத்தான் முடியல. தொப்பை பாதியிலயே கோடு முடிஞ்சுபோகுது."

சால்வேயின் படங்கள் ஒரு பென்டிரைவில் இருந்தன. அவளுடைய போன் துணி துவைக்கிற வாளியில் விழுந்து செத்தபோது, கடைக்காரன் உள்ளே இருந்ததை அதில் எடுத்துக் கொடுத்திருந்தான். முதல் பக்கத்துக்குக் கடற்கரைப் படத்தை எடுத்துக்கொண்டாள். மூங்கில் பெஞ்சில் சால்வே, அவள் மடியில் சாய்ந்து கலோய், பின்னால் கடல். ஜெம்மா அனுப்பிய படம் ஒன்றிலிருந்து அவளை வெட்டி எடுத்து, கலோயின் மறுபக்கம் ஒட்டினாள். சமையலறை விளக்கில் வெளுத்திருந்த முகம் கடல் வெயிலில் பேய் மாதிரி நின்றது. ரோமெல் காட்டிக்கொடுத்தபடி கொஞ்சம் மஞ்சள் ஏற்றினாள். ஒப்புக்கொள்ளும்படி வந்தது. பெருமையாக அக்காவுக்கு அனுப்பினாள்.

அன்று மாலையே ஜெம்மா அழைத்தாள். தங்கையை அவள் 'இந்தாய்' என்பாள், அக்காவை இவள் 'மனாங்' என்பாள்.

"இந்தாய், என்ன பண்ணி வெச்சிருக்க? எண்ணிப் பாரு."

"என்னத்த மனாங்?"

"நீ, அவன், நான். மூணு பேரு. நடுவுல அவன்."

சால்வே எண்ணிப் பார்த்தாள். மூன்று பேராகப் படம் எடுத்தால் நடுவில் இருப்பவர் முதலில் போவார். அவர்கள் தீவில், நடக்கக் கற்கும் முன்பே எல்லோருக்கும் தெரிகிற விஷயம் இது. எங்காவது மூன்று பேர் சேர்ந்துவிட்டால் தெருவில் போகிறவனையாவது இழுத்து நான்காக்கிவிடுவார்கள். அந்த ஆறு வருஷமும் சால்வே எத்தனை ஜாக்கிரதையாக இருந்தாள்! பிறந்தநாள் படத்தில் பக்கத்து வீட்டுக்காரியோடு மூன்று பேர் ஆகிவிட்டது என்று அவளுடைய பூனையையும் தூக்கி வைத்துக்கொண்டவள் சால்வே.

"அவன்தான் போயிட்டானே மனாங்" என்றாள்.

"அதனாலதான் சொல்றேன். பூசைக்கு வர்றவங்கல்லாம் பாப்பாங்க. இப்படி உக்காந்து படம் எடுத்திருக்காளுங்க, புள்ள தங்குமான்னு கேப்பாங்க. அவங்கள விடு, நானே பாக்கறப்பல்லாம் அப்படித்தான் நெனப்பேன்."

"நாலாவதா யாரையாவது சேத்துடறேன். நாயக் கூட வெச்சுடலாம்."

"எல்லாப் பக்கத்துலயும் நாயா?" ஜெம்மா சிரிக்க முயன்றாள். பிறகு குரல் இறங்கியது. "நீ ஆறு வருஷம் அவன்கூட இருந்த இந்தாய். எனக்கு இந்த ஆல்பம்தான்."

 "சரி, என்னை எடுத்துடறேன்" என்றாள் சால்வே.

பிரச்சினை மடிதான். படங்களில் எல்லாம் கலோய் சால்வேயின் மேல் சாய்ந்திருந்தான், அல்லது அவள் இடுப்பில் இருந்தான், அல்லது அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். நிற்கிற ஜெம்மாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? "உக்காந்த மாதிரி, தூக்கின மாதிரி படம் வேணும் மனாங்" என்று கேட்டாள். மறுநாள் வந்தன. துணி காயப்போடும் அறையில் சுவரோரம் உட்கார்ந்து, ஒரு தலையணையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அணைத்திருந்தாள் ஜெம்மா. இன்னொன்றில் அதே தலையணை இடுப்பில். இன்னொன்றில் தலையணைக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பெபெங் எட்டிப் பார்த்தாள். கேலிக்கு வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள்.

சால்வே தலையணையை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் கலோயை வைத்தாள். தன்னை அழிப்பதற்கு வேறொரு கருவி. பக்கத்தில் இருப்பதை அள்ளி, வேண்டாததன் மேல் ஒற்றி ஒற்றி மூடுவது. தன் தோளின் மேல் கடலை ஒற்றினாள். முழங்காலின் மேல் மணலை ஒற்றினாள். முகத்துக்கு வந்தபோது கை நின்றது. அன்டூவை அமுக்கினாள். தோள் வந்தது, முழங்கால் வந்தது. மனம் நிம்மதியானது. நான் எங்கேயும் போய்விடவில்லை, இங்கேயேதான் இருக்கிறேன், ஒரு பொத்தான் தூரத்தில். அந்தத் தைரியத்தில் முகத்தையும் வானத்தால் மூடினாள். சேவ் செய்தாள். பென்டிரைவைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அப்படியே எல்லாப் பக்கங்களும் முடிந்தன. பள்ளிக்கூட முதல் நாள், ஊர்த் திருவிழா, தடுப்பூசி போட்டு அழுத நாள், பூனை இருந்த பிறந்தநாள்கூட. சால்வேயும் பக்கத்து வீட்டுக்காரியும் போனதில் அந்தப் படமும் சரியாகத்தான் இல்லை, அம்மாவும் பிள்ளையும் பூனையுமாக மூன்று. ஆகவே பூனையையும் அழித்தாள்.

ஒன்று மட்டும் அவளால் சரிசெய்ய முடியவில்லை. கலோய் எப்போதும் நிமிர்ந்து சால்வேயின் முகத்தைப் பார்க்கிற பிள்ளை. ஜெம்மா சால்வேயைவிட ஒரு சாண் குள்ளம். ஆகவே ஒவ்வொரு பக்கத்திலும் அவன் அம்மாவின் காதுக்கு மேலே, யாருமில்லாத ஓரிடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அச்சுக்குக் கொடுக்கும் முன், தனக்கென்று ஒரே ஒரு பக்கம் செய்துகொள்ள நினைத்தாள். கடற்கரைப் படத்தைத் திறந்தாள். அன்டூவை அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினாள்.

"சார், இது கெட்டுப்போச்சு போல."

ரோமெல் வந்து பார்த்தான். "இது சேவ் பண்ணி மூடின படமாச்சே மேடம். அன்டூ மூடற வரைக்கும்தான். பழசு வேணும்னா நீங்க எடுத்து வெச்ச காப்பியத் திறங்க."

"காப்பியா?"

"ஒரிஜினல காப்பி எடுத்து வெச்சுட்டுதானே ஆரம்பிச்சீங்க?"

"தப்பு பண்ணா பழையபடி வந்துடும்னு சொன்னீங்களே."

அவன் அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பென்டிரைவில் துழாவினான். தொலைந்ததை மீட்கும் ஏதோ ஒன்றை ஓட்டிப் பார்த்தான். ஏற்கனவே அழித்த ரசீதுப் படமும், மங்கலான ஒரு கால் கட்டைவிரலும் வந்தன. அவள் வரவில்லை. கலோயோடு இருக்கிற அவள் ஒரு படத்திலும் இல்லை. ரோமெல் தலையைச் சொறிந்துகொண்டு, "நான் முதல்லயே சொல்லியிருக்கணும்" என்றான். பெபெங் தன் சேவல்களை அப்படியே விட்டுவிட்டு வந்து சால்வேயின் முதுகில் கை வைத்தாள்.

அன்று வீட்டுக்கு வந்து அக்காவைக் கூப்பிட்டாள்.

"மனாங், நான் அப்பப்ப அனுப்பின படமெல்லாம் உன்கிட்ட இருக்கா?"

"இருக்கே. இல்லாம? அவன் மூஞ்சிய மட்டும் வெட்டி வெட்டி வெச்சிருக்கேன். மத்ததெல்லாம் அப்பவே அழிச்சிடுவேன், போன்ல எடம் ஏது? ஏன் இந்தாய்?"

"சும்மா கேட்டேன்."

பூசையன்று வீடு நிறைந்திருந்தது. பாதிரியார் போன பிறகு நூடுல்ஸும் வெல்லச் சாதமும் பரிமாறினார்கள். ஜெம்மா சட்டையில் குத்தியிருந்த கறுப்புத் துண்டைக் கழற்றிவிட்டு வெள்ளை உடுத்தியிருந்தாள். ஆல்பம் கை மாறிக்கொண்டே போனது.

"அம்மா மடியில எப்படி ஒட்டிக்கிட்டிருக்கான் பாரு!"

"உன் ஜாடைதான் ஜெம்மா. அப்படியே."

அந்த வருஷங்களில் அவள் குவைத்தில் இருந்தது அங்கே யாருக்குத் தெரியாது? ஆனால் ஒருத்தராவது வெளிநாட்டில் இல்லாத வீடு அந்தத் தெருவில் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒட்டவைத்த ஒருத்தர் சிரித்துக்கொண்டிருந்தார். யாரும் யாரையும் கேட்டுக்கொள்வதில்லை.

உறவுக்காரச் சிறுமி ஒருத்திதான் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "சால்வே சித்தி எங்க? எதுலயும் காணமே" என்றாள்.

"படம் எடுத்தது யாருன்னு நெனச்ச?" என்றாள் பெபெங் சட்டென்று. "போய் சோத்தத் தின்னு."

சால்வே தட்டுகளை அள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். சற்று நேரத்தில் ஜெம்மா பின்னால் வந்து நின்றாள். துணி ஒன்றை எடுத்துக் கழுவிய தட்டைத் துடைக்கத் தொடங்கினாள்.

"இந்தாய், அந்தக் கடற்கரைப் படம். அன்னிக்கு அவன் என்ன பண்ணான்? கேக்கறாங்க. எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவன் தண்ணீரில் காலே வைக்கவில்லை. அலையைப் பார்த்ததும் அலறி, அவள் மேல் ஏறி, கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கடல் நம்ம வீட்டுக்கு வழி தெரிஞ்சு வந்துடுமா என்று கேட்டான். வராது, அதுக்குக் கால் இல்லை என்று அவள் சொன்னாள். அதற்கப்புறம்தான் அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தான். படத்தில் இருந்த சிரிப்பு அதுதான்.

"நல்லா ஆட்டம் போட்டான் மனாங்" என்றாள் சால்வே. "தண்ணிய விட்டு வரவே மாட்டேன்னு ஒரே அடம். சாயங்காலம் நான்தான் கைய புடிச்சு இழுத்துக்கிட்டு வந்தேன்."

ஜெம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்படியா? என்ன மாதிரியேடி. நானும் சின்னதுல அப்படித்தான்." துணியைப் போட்டுவிட்டு வேகமாகக் கூடத்துக்குப் போனாள்.

சால்வே அடுத்த தட்டை எடுத்தாள். கூடத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. "அன்னிக்கு தண்ணிய விட்டு வரவே மாட்டேன்னுட்டான். சாயங்காலம் நான்தான் கைய புடிச்சு இழுத்துக்கிட்டு வந்தேன்." எல்லோரும் சிரித்தார்கள். சால்வே குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.