முதல் பாதித் தூக்கம்

முகத்தில் தண்ணீர் விழுந்த பிறகுதான் பிரகாஷ் கண்ணைத் திறந்தான். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. புங்கமரத்தடியில், பைகளுக்கு நடுவே, ஜெர்சியும் பூட்ஸும் போட்டபடி சுருண்டு படுத்திருந்தவனைப் புது மேனேஜர் விமல்ராஜ் இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த பாட்டிலைக் கவிழ்த்துவிட்டார். அவன் எழுந்து நின்றான். கால் தள்ளாடியது, கண் இரண்டும் சிவந்து கிடந்தன. "சார்..." என்றான். அவர் மேலே பேசவிடவில்லை. "காலையிலேயே குடிச்சிட்டு வந்திருக்கியா? மேட்ச் அன்னைக்கா? போ, வீட்டுக்குப் போ. இனிமே கிரவுண்ட் பக்கமே வராதே" என்று விமல்ராஜ் மைதானம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். சந்தைக்குப் போய்த் திரும்பிய நான் கம்பி வேலிக்கு வெளியே காய்கறிப் பையோடு நின்று இதைப் பார்த்தேன்.

பிரகாஷ் குடித்திருக்கவில்லை. தூங்கினான். அது எங்கள் ஊர் மூக்கண்டப்பள்ளியில் அந்த மேனேஜர் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். எங்கள் கால்பந்துக் கிளப்பில் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கிற பையன்கள். சனிக்கிழமை ராத்திரி சி ஷிப்ட் முடித்து, ஞாயிறு காலை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே மைதானத்துக்கு வருகிறவன் முதல் பாதி முழுக்கத் தூங்கியாக வேண்டும். இடைவேளையில் எழுப்பி, ஒரு டீயைக் கொடுத்து, இரண்டாம் பாதியில் இறக்குவார்கள். எதிரணிக்காரன் அதற்குள் களைத்துப்போயிருப்பான். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் என் வீட்டுக்காரர் எல்லப்பன், போன வருஷம்வரை கிளப்புக்கு மேனேஜர். விரித்துப் படுக்க எங்கள் வீட்டு நீலப் பெட்ஷீட் போகும், செம்மண் கறையோடு திரும்பி வரும். துவைத்தவள் நான். அந்தக் கறை கடைசிவரை போகவே இல்லை.

என் வீட்டுக்காரரும் அன்று மைதானத்தில்தான் நின்றார். மேனேஜராக இருந்தவரை மைதானத்தைச் சுற்றிப் போட்ட சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார். பதவி போனதிலிருந்து ஞாயிறு தவறாமல் போவார், ஆனால் செருப்போடு கோட்டுக்கு வெளியிலேயே நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவார். அன்றும் கையைக் கட்டிக்கொண்டு அப்படித்தான் நின்றார். பிரகாஷ் இவரைத் தாண்டித்தான் வெளியே போனான். இவர் இரண்டு எட்டு நடந்து மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவார், விஷயம் முடிந்துவிடும் என்று நம்பி நான் வீட்டைப் பார்த்து நடந்தேன்.

மத்தியானம் கிளப் செயலாளர் முனிவேல் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்தபோதுதான் மூன்று கோல் வாங்கித் தோற்ற கதை தெரிந்தது. "அண்ணி, அண்ணன் காலத்துல இப்பிடி ஒரு தோல்வி உண்டா? அந்தாளுக்கு ஆட்டமும் தெரியல, ஆளுங்களையும் தெரியல. அண்ணன் நின்னு ஒரு சத்தம் போட்டா பந்தே பயந்து ஓடுமே" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதே வாய்தானே போன வருஷம் இதே நாற்காலியில் உட்கார்ந்து, "மாதப்பண்ணன் காலத்துல பசங்க எப்பிடி ஆடுனாங்க, இப்ப வெறும் சத்தந்தான் இருக்குது" என்றது? மாதப்பன் என்பவர் இவருக்கு முந்தைய மேனேஜர். அவர் இருந்தபோது அவரை மண்ணைவாரித் தூற்றாத நாள் கிடையாது. அவர் போன மறுநாளே மகான் ஆகிவிட்டார். அப்புறம் ஒரு கம்பெனி, 'ஜெர்சி எடுத்துத் தருகிறோம், எங்கள் ஆபீசரையே மேனேஜராகப் போடுங்கள்' என்றதும், டீக்கடையில் கூட்டம் போட்டு இவரைப் பதவியிலிருந்து எடுத்தார்கள். அன்றைக்கு முதலில் கையைத் தூக்கியவனும் இந்த முனிவேல்தான். இப்போது மகான் பட்டம் என் வீட்டுக்காரருக்கு வந்திருக்கிறது. இவரோ வெட்கமில்லாமல் அதை வாங்கிக்கொண்டு, உள்ளே போய் வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். அந்தாளை எடுத்துவிட்டு இவரை மறுபடி மேனேஜராக்கச் சாயங்காலம் கூட்டமாம்.

உண்மையைச் சொன்னால் விமல்ராஜ் ஒன்றும் மோசமான ஆள் இல்லை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், சின்ன வயசு. காலில் அடிபட்டவனுக்கு ஐஸ் கட்டி வைக்கத் தெரியும். என் வீட்டுக்காரர் காலத்தில் அடிபட்டால் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் திட்டு விழும், ஐஸ் விழாது. விமல்ராஜ் ஆட்டத்துக்கு முன்னால் பையன்களை ஓடவிட்டு உடம்பைச் சூடாக்குகிறார். இவர் சாமி கும்பிடவிடுவார், அவ்வளவுதான். ஆனால் யார் எந்த ஷிப்டில் இருக்கிறான், எவனுடைய சூப்பர்வைசரிடம் கெஞ்சினால் ஷிப்ட் மாற்றித் தருவான் என்பதெல்லாம் இவருக்கு அத்துப்படி. அவருக்கு அதைச் சொல்லித்தர ஆளில்லை.

"பிரகாஷு தூங்கத்தான் செஞ்சான்னு அந்த சாருகிட்ட யாராச்சும் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

முனிவேல் சிரித்தான். "நாம எதுக்கு அண்ணி சொல்லணும்? மேனேஜருன்னா அவரே தெரிஞ்சிக்கணும். அதும் நமக்கு நல்லதாப் போச்சு. மீட்டிங்ல அதைத்தான் மொத பாயிண்டா எடுத்துவுடப் போறோம்."

மற்ற நாலு பேரும் தலையாட்டினார்கள். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். சட்டைப் பொத்தான் சரியாகப் போட்டிருக்கிறதா என்று இவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பிரகாஷின் மனைவி அனிதா வாசலில் வந்து நின்றாள். இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறார்கள். அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது. "அக்கா, கான்ட்ராக்டர் போன் பண்ணாரு. நாளைக்கு வேலைக்கு வரவேணாங்கிறாரு. குடிச்சிட்டுத் திரியறவன் மிஷின்ல நின்னா கை போயிடுமாம். ஆபீஸ்லருந்தே சொன்னாங்களாம். அவங்கப்பன் குடிச்சே செத்தாருக்கா. அந்த நாத்தம் அடிச்சாலே இவரு வாந்தி எடுப்பாரு. இப்ப வாயே தொறக்காம சொவத்தப் பாத்துப் படுத்துருக்காரு" என்றாள். பிரகாஷ் வேலை செய்வது விமல்ராஜ் ஆபீசராக இருக்கிற அதே கம்பெனியில், கான்ட்ராக்டில். மேலே இருப்பவர் லேசாகத் தும்மினாலே கான்ட்ராக்டர் குடையைப் பிடிப்பான்.

"பாத்தியாண்ணா, ஒரு தொழிலாளி வயித்துல அடிச்சிட்டான்!" என்று முனிவேல் தொடையைத் தட்டினான். அவன் குரலில் இருந்தது சந்தோஷம். சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷம்தான். ஒருத்தன் வீட்டில் அடுப்பு அணைகிறது, இவனுக்கு வாணவேடிக்கை.

"நீங்க அங்கதான நின்னீங்க?" என்று இவரைக் கேட்டேன்.

"நின்னன்."

"அந்த சாரு குடிகாரன்னு சொன்னது காதுல வுழுந்துச்சா?"

"வுழுந்துச்சு."

"சொல்றதுக்கு என்ன?"

"என்னை யாரு கேட்டா? இப்ப நானா மேனேஜரு?"

எனக்கு வந்த கோபத்தில் அந்த வெள்ளைச் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன், அனிதா நின்றதால் விட்டேன். பையன் அந்தப் பெட்ஷீட்டில் படுத்தால் ஈ உட்காராமல் விசிறி நின்ற மனுஷன் இவர். எழுப்பும்போதுகூட காலைத்தான் தொடுவார், திடுக்கிட்டு எழுந்தால் தலைவலி வருமென்று. அப்படிப்பட்டவர் அவன் தலை குனிந்து தன்னைத் தாண்டிப் போகிறபோது கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். நாற்காலி போன கடுப்பு மனுஷனை இந்த அளவுக்கு இறக்கிவிடுமா? என்னால் தாங்க முடியவில்லை.

பரணிலிருந்து நீலப் பெட்ஷீட்டை இழுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினேன். "அண்ணி, எங்க போறீங்க? நீங்க போயி காரியத்தக் கெடுத்துடாதீங்க" என்று முனிவேல் எழுந்தான்.

"கெடுக்கிறதுக்கு இன்னும் என்ன மிச்சம் வெச்சிருக்கீங்க?" என்றேன்.

விமல்ராஜ் மைதானத்தில் தனியாக இருந்தார். பயிற்சிக்கு வைக்கிற பிளாஸ்டிக் கூம்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். எல்லப்பன் சம்சாரம் என்று சொன்னதும் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். "சொல்லுங்கக்கா" என்று எச்சரிக்கையாக நின்றார். நான் அவரைப் புங்கமரத்தடிக்குக் கூட்டிப்போய் பெட்ஷீட்டை விரித்தேன். தலை வைக்கிற இடம், கால் நீட்டுகிற இடம் எல்லாம் செம்மண்ணாகப் படிந்திருந்தது. முதல் பாதித் தூக்கத்தின் சட்டத்தைச் சொன்னேன். பிரகாஷ் எந்த ஷிப்ட் முடித்து வந்தான் என்று சொன்னேன். அவன் அப்பன் எப்படிச் செத்தான் என்றும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"கொஞ்சம் கண்டிச்சு வைங்கன்னு கான்ட்ராக்டர்ட்ட ஒரே ஒரு வார்த்தைதாம்க்கா சொன்னேன்."

"உங்களுக்கு அது ஒரு வார்த்தை சார். எங்களுக்கு அது சோறு."

அவர் செல்போனை எடுத்து நம்பரைத் தட்டினார். அந்தப் பக்கம் மணி அடிப்பது எனக்கும் கேட்டது. காதிலிருந்து எடுக்காமலே, "இத்தனை பேரு நின்னாங்களே, ஒருத்தர்கூட ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் நிஜமாகவே தெரியாமல் கேட்டார். கூட்டமாக ஓர் ஊரே சேர்ந்து அவரை விழவிட்டு வேடிக்கை பார்த்ததை எந்த வாயால் சொல்வது? எங்கள் ஊருக்காக எனக்கு அவமானமாக இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். இவர் என் பின்னாலேயே வந்திருந்தார். கூட்டத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு, சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நின்றார்.

"அதோ நிக்கிறாரு. அவரைக் கேளுங்க" என்றேன்.

விமல்ராஜ் போனைக் காதில் வைத்தபடியே அந்தப் பக்கம் திரும்பினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, கான்ட்ராக்டர் இன்னும் எடுக்கவில்லை. இவர் எங்களைப் பார்க்காமல் குனிந்து கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு செருப்பு கோட்டோரம் கழற்றிக் கிடந்தது, இன்னொன்று காலில்தான் இருந்தது.