ஐஸ் ஃபேக்டரித் தெருவின் இளசுகள்

கம்ப்யூட்டர் பெண் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டியதும் பஸ் டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். வரைபடத்தில் ஐஸ் ஃபேக்டரித் தெரு மட்டும் செக்கச்செவேலென்று இருந்தது.

"அங்க இளசுன்னு யாரும்மா இருக்கா? ஃபேக்டரி மூடி இருபது வருஷம். மிச்சம் நாலு பெருசுங்க. அதுங்க ஒண்ணா உக்காந்து இருமல் மருந்து குடிச்சாத்தான் உண்டு."

"அதையும் நான்தான் குடுக்கறேன். சர்க்கரை இல்லாதது," என்றார் மருந்துக் கடைக்காரர்.

சலவைக் கடை அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

நூலகத்து மாடியறையில் சனிக்கிழமைதோறும் இவர்கள் கூடுவது இதற்காகத்தான். ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் தந்த பழைய விவரங்களைப் பெயர் நீக்கிக் கம்ப்யூட்டருக்குப் புகட்டியிருந்தார்கள். எந்தத் தெருப் பிள்ளைகள் போதையில் விழக்கூடும் என்று அது முன்கூட்டியே சிவப்பில் காட்டும். அந்தத் தெருவில் பிள்ளைகளுக்கு ஒரு மாலை மையம் திறப்பார்கள். ஒன்றே ஒன்று. கம்ப்யூட்டர் சொல்வது ஊருக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க, அந்தப் பகுதியில் வாழ்கிற இந்த மூன்று பேர்.

"போதைக் கேஸ்ல வந்த முப்பத்தோரு பேர் ஆஸ்பத்திரில இந்தத் தெருவைத்தான் சொல்லியிருக்காங்க," என்றாள் பெண், பாவமாக. "நான் குடுத்ததைத்தானே அது படிக்கும்? இன்னிக்குச் சாயங்காலம் தெருப் பேரை அனுப்பியாகணும்."

மூன்று வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில், போதையில் துவண்ட மகனை அக்கா தோளில் தாங்கிக்கொண்டு நின்றபோது விலாசம் கேட்டார்கள். ஊரார் துணியையெல்லாம் வெளுக்கிறவள், தன் வீட்டுக் கறை தெருவுக்குத் தெரியக் கூடாதென்று நினைத்தாள். வாயில் வந்ததைச் சொன்னாள். மகனை மறுபடி வரச்சொல்லி ஆஸ்பத்திரி போட்ட கடிதங்கள் ஆளில்லாத வீட்டுக்குப் போயின. அடுத்த வருஷம் மகனும் போய்விட்டான்.

இப்போதும் வெளுக்க வரும் சட்டைப் பைகளில் காலி மாத்திரை அட்டைகள் அகப்படுகின்றன. எல்லாம் அவள் தெருச் சட்டைகள். மையம் அங்கே போய்விட்டால்?

"அந்த முப்பத்தோரு பேர்ல ஒண்ணு என் புள்ள," என்றாள். "பன்னெண்டாம் நம்பர், ஐஸ் ஃபேக்டரித் தெருன்னு சொன்னேன். பொய்."

டிரைவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ பன்னெண்டாக்கா? என் தங்கச்சி பையனுக்கு நான் பதினாலு சொன்னேன்."

மருந்துக் கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "எங்க அண்ணன் பொண்ணு... பதினாறு."

"அடப்பாவிங்களா, அப்ப மூணு பேரும் பக்கத்துப் பக்கத்து வீடா!" என்றாள் அக்கா. முதலில் சிரித்தது அவள்தான். சிரிப்பு நிற்கும்போது நால்வர் கண்ணும் ஈரமாக இருந்தது.

"இதை நான் எப்படி மெஷினுக்குப் புரியவைக்கறது?" என்றாள் பெண்.

"ரெண்டு வாரம் டைம் வாங்கு. துணி குடுக்க வீடு வீடாப் போறவதானே நான்? பேர் கேக்க மாட்டேன். பொய்யாச் சொன்ன நம்பரும் நெசத் தெருவும் மட்டும் கேக்கறேன்."

கேட்டாள். தேய்த்த துணியை நீட்டும்போது தன் கதையை முதலில் சொன்னாள். பிறகு அவர்கள் சொன்னார்கள். முப்பத்தொன்றில் இருபத்துநான்கு விலாசங்கள் வீடு திரும்பின. திருத்தியதைப் புகட்டியதும், வரைபடத்தின் சிவப்பு அக்காவின் தெருவுக்கே வந்து உட்கார்ந்தது.

சலவைக் கடைக்கு எதிரே, பழைய டயர் கடையில் மையம் திறந்தார்கள். முதல் நாளே வாசல் வரை செருப்புகள். பதிவேட்டின் முன் நின்ற ஒரு பள்ளிக்கூடத்துப் பெண், விலாசம் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"நம்ம தெருவையே எழுதும்மா," என்றாள் அக்கா. "ஐஸ் ஃபேக்டரித் தெருவுல இனிமே எடமில்ல. எல்லா வீட்டுலயும் நாங்களே இருக்கோம்."