கீழ்த்தளத்து அடுப்புகள்

அடுப்பு இருக்கும் இடத்தில் ஆள் குடியிருந்தே தீர வேண்டுமா? அப்படிப் பார்த்தால் என் வீட்டில் இரண்டு ஓடிலியாக்கள் இருக்க வேண்டும். ஒருத்தி கீழே, நிலவறையில் மீன் பொரிக்கிறவள். இன்னொருத்தி மேலே, யாரும் வந்து உட்காராத நாற்காலிகளைத் துடைக்கிறவள். இதை என் மேலதிகாரி டோரீனுக்கு எப்படிச் சொன்னால் புரியும்?

ஓடிலியா இப்படி யோசித்தபடி ஓர் அமெரிக்கக் கடலோர ஊரின் நகராட்சி வரி அலுவலகத்தில் மேசைக்கு உள்பக்கம் நின்றிருந்தாள். வெளிப்பக்கம், எண்பது வயது லூர்தெஸ் கையில் ஒரு கடிதத்தோடு நின்றாள்.

அறுபது வயதைத் தாண்டியவர்கள் நகராட்சிக்கு நூற்றிருபத்தைந்து மணி நேரம் வேலை செய்து கொடுத்தால் வீட்டு வரியில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்வார்கள். ஒரு மணி நேரம் குறைந்தாலும் கிடையாது. எழுபத்திரண்டு வயது ஓடிலியா கோடையிலிருந்து கோப்புகளை அடுக்குகிறாள், போர்ச்சுகீசியம் மட்டும் தெரிந்தவர்கள் வந்தால் மொழிபெயர்க்கிறாள். இன்னும் பதினாலு மணி நேரம் பாக்கி. வெள்ளிக்கிழமை கடைசி நாள். இந்தக் கழிவு கிடைக்காவிட்டால் வசந்தத்தில் வீட்டை விற்பதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை.

"என்னடி எழுதியிருக்கான்? எனக்கு ஒரு மண்ணும் புரியல" என்றாள் லூர்தெஸ்.

"வயசானவங்களுக்கான வரிச் சலுகை உங்களுக்கு இல்லையாம் அக்கா. கீழ்த்தளத்துல அடுப்பு, தொட்டி, குளிர்பெட்டி எல்லாம் இருக்காம். அதனால அது ரெண்டு குடும்பம் இருக்கிற வீடாம்."

"போன மாசம் ஒருத்தன் டேப்பும் கையுமா வந்தானே, அவன் சொன்னதா? பாவி! ரெண்டு கிண்ணம் சூப்பு குடிச்சாண்டி. நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு தலைய ஆட்டினான்."

"எங்க உக்கார வச்சுக் குடுத்தீங்க?"

"கீழதான். வேற எங்க? மேல அடுப்பப் பத்த வச்சா திரைச்சீலையெல்லாம் நாறிப் போகாதா?"

ஓடிலியாவுக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்த எவளும் இதைத்தான் செய்திருப்பாள். வந்தவனைப் பசியோடு அனுப்பக் கூடாது. சமைக்கிற இடத்தில்தான் சாப்பாடு சூடாக இருக்கும். அவளும் கூப்பிட்டு உட்கார வைத்திருப்பாள்.

"கீழே யார் இருக்காங்கன்னு கேளுங்க செல்லம்" என்றாள் டோரீன். தன்னைவிட இருபது வயது மூத்தவர்களையும் அவள் செல்லம் என்றுதான் கூப்பிடுவாள்.

கேட்டதும் லூர்தெஸ் மேசையில் கையை ஊன்றிக்கொண்டாள். "வெங்காயம் இருக்கு. உருளைக்கிழங்கு இருக்கு. செத்துப்போன என் வீட்டுக்காரர் போட்ட வைன் இருக்கு. ஒண்ணும் வாடகை தரலன்னு சொல்லு அவகிட்ட."

"யாரும் இல்லன்னு சொல்றாங்க" என்று மொழிபெயர்த்தாள் ஓடிலியா.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

மேல்முறையீட்டுப் படிவம் ஒன்றை டோரீன் நீட்டினாள். ஏழு பக்கம். லூர்தெஸ் அதை நான்காக மடித்துக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள். கிளம்பும்போது, "நீ உள்ள இருக்கிறவ. நீ சொன்னா கேக்க மாட்டாளா?" என்றாள். ஓடிலியா கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருக்கிறவள்! கழிப்பறைச் சாவியைக்கூட டோரீனிடம் கேட்டு வாங்கும் நான்.

கதவு சாத்தியதும் டோரீன் ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தாள். அதில் ஓடிலியா குடியிருக்கும் தெருவின் வீட்டு எண்கள்.

"இதுல எந்தெந்த வீட்டுல கீழே அடுப்பு இருக்குன்னு உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? எல்லா வீட்டுலயும் சாப்பிட்டிருப்பீங்க. ஒரு டிக் போட்டா போதும்."

"எல்லா வீட்டுலயும் இருக்கு டோரீன். நாங்க அப்படித்தான் சமைப்போம்."

"அப்போ இன்னும் சுலபமாச்சே!"

"அது வாடகைக்கு விடறதுக்கு இல்ல..."

"சில வீட்டுல விடறாங்க. அதுவும் உங்களுக்குத் தெரியும். வெளிய போக ஒரே வழி, தீப்பிடிச்சா என்ன ஆகும்? நான் கெட்டவ இல்ல செல்லம்." குரலைத் தாழ்த்தினாள். "உங்க வீட்டு நம்பர மட்டும் இதுலேர்ந்து நான் எடுத்துட்டேன். மிச்சப் பதினாலு மணி நேரத்தையும் இந்த வேலைக்கே எழுதி, இன்னைக்கே கையெழுத்துப் போட்டுடறேன்."

டோரீன் தேநீர் எடுக்கப் போனாள். முப்பத்தேழு, முப்பத்தொன்பது, நாற்பத்து மூன்று. நடுவில் நாற்பத்தொன்று இல்லை. ஓடிலியா நாற்பது வருடம் குடியிருந்த வீடு தெருவிலிருந்து தூக்கப்பட்டது போலிருந்தது. அதில் ஒரு நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதிதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஐம்பத்திரண்டில் பென்சில் நின்றது. கிராசாவின் வீடு. கிராசா நிஜமாகவே கீழ்த்தளத்தை இரண்டு மீன்பிடி ஆட்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள். சலுகையும் வாங்குகிறாள். போன ஞாயிறு தேவாலயப் பூசை முடிந்து, புதுக் கோட்டின் கழுத்துப் பட்டியைத் தடவிக்கொண்டே, "இன்னும் நகராட்சிக்குத் தூசி தட்டறியாமே ஓடிலியா?" என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டவள்.

இவள் ஒருத்திக்கு மட்டும் போட்டால் என்ன? பொய்யில்லையே. கோடு மெல்லிசாக விழுந்தது. விழுந்த மாத்திரத்தில் ஓர் இன்பம் விரல்களிலிருந்து தோள்வரை ஏறியது. பல மாதங்களாக அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. ஓடிலியாவுக்குப் பயம் வந்தது. கிராசாவோடு இந்தக் கை நிற்காது. போன வருடம் வேலி விஷயமாகச் சண்டை போட்ட நாற்பத்தேழு இருக்கிறது. கடன் கேட்டபோது இல்லையென்ற அறுபது இருக்கிறது. கடைசியில் நியாயத்துக்குப் போட்டது எது, ஆத்திரத்துக்குப் போட்டது எது என்று அவளுக்கே தெரியாமல் போகும். லூர்தெஸ் அக்கா மாதிரி இன்னொருத்திக்கும் ஏழு பக்கப் படிவம் வரும்.

அழிப்பானால் தேய்த்தாள். எண்ணும் சேர்ந்து கொஞ்சம் மங்கியது. மீண்டும் தேய்த்தாள்.

டோரீன் கோப்பையோடு திரும்பினாள். "முடிஞ்சுதா?"

"இல்ல. இத நான் செய்யல டோரீன்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள உங்களுக்குக் குடுக்க வேற வேலை இல்லையே செல்லம்."

"தெரியும்."

"கொஞ்சம் யோசிங்க. உங்க வீட்டுக்காகத்தானே சொல்றேன்."

ஓடிலியா தாளை அவள் பக்கம் நகர்த்தினாள். பிறகு தன் வருகைத் தாளை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"இதுவரைக்கும் செஞ்ச நூத்திப் பதினொரு மணி நேரத்துக்குக் கையெழுத்துப் போடுங்க."

"அது எதுக்கும் உதவாதே!"

"பரவாயில்ல. போடுங்க."