ஒழுகட்டும்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஜீவிதாவுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. அதுவரைக்கும் அவளுக்குச் சங்கரி என்றால் உயிர். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்புக்கு வந்த பெண்களே இவர்கள் இரண்டு பேர்தான். ஒரே பெஞ்சு, ஒரே டிபன் டப்பா. ஓரிக்கைக்கு அப்பால் பாலாற்றங்கரை நீரேற்று நிலையத்தில் பராமரிப்பு அப்ரண்டிஸாக இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தபோது, காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இரண்டும் கட்டிப்பிடித்துக் குதித்த குதியில் பூக்காரம்மா தன் கூடையை நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

அப்புறம் என்ன கேடு வந்தது? துர்காதேவி மேடத்தின் வாயில் வந்தது.

அவர்தான் அங்கே பொறுப்புப் பொறியாளர். பம்பின் சுழலும் தண்டு வெளியே வருகிற இடத்தில் தண்ணீர் பீய்ச்சியடிக்காமலிருக்க, மெழுகேறிய கயிற்றை வளையம் வளையமாக வெட்டிச் செருகி, மேலே ஒரு மூடி வைத்து இரண்டு நட்டுப் போட்டு அழுத்துவார்கள். முதல் நாள் அந்தக் கயிற்றை வெட்டச் சொன்னார். சங்கரி வெட்டியதைக் கையிலெடுத்துப் பார்த்தவர், “யார் வீட்டுப் பொண்ணுமா நீ? தறிக்காரங்களா? கை பேசுதே!” என்றார். ஜீவிதா வெட்டியதைப் பார்த்து, “ம்” என்றார். அவ்வளவுதான்.

‘அவ கை பேசுது, என் கை என்ன ஊமையா?’ என்று ஜீவிதாவின் உள்ளே ஒன்று கேட்டது. நியாயமான கேள்விதான். தாமல் ஏரிப் பாசனத்தில் அவள் அப்பா வரதராஜனுக்கு நிலம். அவர் இல்லாத நாட்களில் மோட்டார் போடுவது, ஃபியூஸ் கட்டுவது எல்லாம் இவள்தான். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலும் தறியுமாக வளர்ந்த சங்கரி மோட்டாரை எங்கே கண்டாள்? குழாயைத் திருகினால் தண்ணீர் வரும் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அவளுக்குப் பேசும் கையாம்!

அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் காந்தியது. வாட்ச்மேன் சங்கரிக்கு மட்டும் “வாம்மா” என்று கேட்டைத் திறப்பதாகப் பட்டது. நிலையத்தில் கொடுத்த சேஃப்டி ஷூ கூடச் சங்கரிக்குக் கச்சிதமாக இருந்தது. இவளுக்குக் குதிகாலைக் கடித்தது. பொறாமை வந்துவிட்டால் செருப்பு கூடக் கட்சி மாறிவிடும், போங்கள்.

அந்த வார முடிவில் மேடம் சொன்னார்: “நாளைக்கு ஆளுக்கு ஒரு பம்புக்குக் கயிறு போடுங்க. நல்லா போடறவங்க இங்கயே பம்ப் ஹவுஸ்ல இருக்கலாம். இன்னொருத்தர் ஊருக்குள்ள மேல்நிலைத் தொட்டிக்குப் போகணும். இங்க ஒருத்தருக்குத்தான் எடம்.”

தொட்டி என்றால் ஒரு வருஷம் முழுக்க வால்வைத் திறந்து மூடிக்கொண்டு, “தண்ணி எப்பம்மா வுடுவ?” என்று கேட்கிற தெருக்காரர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு கிடக்க வேண்டும். ஸ்பானரைத் தொடக்கூட வழியில்லை. மெக்கானிக் ஆவேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தவள் அங்கே போய் எதைக் கற்றுக்கொள்வது? ஜீவிதாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையிலேயே இரண்டு பேரும் வேலையை முடித்துவிட்டார்கள். ஜீவிதா தன் பம்பின் நட்டுகளைத் தம் கட்டி இறுக்கினாள். ஒரு சொட்டு வரக்கூடாது. பக்கத்துப் பம்பில் சங்கரியும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள். அவள் போட்ட கயிறு உட்கார்ந்திருந்த அழகைப் பார்த்ததும் ஜீவிதாவுக்குத் தெரிந்துபோயிற்று, தொட்டி தனக்குத்தான் என்று.

“இருடி, டீ வாங்கியாறேன். மூஞ்சே வாடிக் கெடக்குது உனக்கு,” என்று சங்கரி வெளியே போனாள்.

ஆத்திரக்காரிக்கு அந்த நேரம் போதாதா? ஜீவிதா ஸ்பானரை எடுத்தாள். சங்கரி போட்ட நட்டைப் பிடித்து எதிர்ப்பக்கம் திருகினாள். ஒழுகட்டும். மேடம் முகத்திலேயே பீய்ச்சியடிக்கட்டும். பேசுகிற கை என்ன பேசுகிறதென்று பார்ப்போம்! இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் திருகுவதற்குள் ஷூ சத்தம் கேட்டது. சங்கரி டீயோடு வந்துவிட்டாள். ஜீவிதா பதறி நிமிர்ந்தாள். சங்கரி அவள் கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்தாள். டீயை நீட்டினாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு மேடம் வந்து இரண்டு பம்பையும் போடச் சொன்னார். சங்கரியின் பம்பில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்தது. பீய்ச்சவில்லையே என்று ஜீவிதாவுக்குக் குறைதான், ஆனாலும் ஒழுகுகிறதே! தன்னுடையது காய்ந்து கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் கருகல் நாற்றம் வந்தது. ஜீவிதாவின் பம்பிலிருந்து புகை கிளம்பியது.

“ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு!” என்று கத்தினார் மேடம். பம்பு நின்றதும் இவள் பக்கம் திரும்பினார். “இது சொட்டிக்கினே இருக்கணும்மா. அந்தச் சொட்டுத் தண்ணிதான் தண்டைச் சூடேறாம காப்பாத்துது. இப்படி இறுக்கினா கருகாம என்ன பண்ணும்? சங்கரி போட்டதைப் பாரு, அளவா சொட்டுது. சங்கரி, பம்ப் ஹவுஸ் உனக்குத்தான்.”

கெடுக்கப்போய்க் கொடுத்துவிட்டு வந்தால் எப்படி இருக்கும்? ஜீவிதாவால் வாயைத் திறந்து சொல்லவும் முடியாது, மெல்லவும் முடியாது.

“மேடம்,” என்றாள் சங்கரி. “நானும் இறுக்கித்தான் வெச்சேன். தறியில பாவு நூலு துளி தொய்ஞ்சாலும் எங்கப்பா திட்டுவாரு, அந்தப் பழக்கம். லூஸ் பண்ணிக் குடுத்தது ஜீவிதா. ஸ்பானரோட நின்னுக்கினு இருந்தா, நான் பாத்தேன்.”

மேடம் ஜீவிதாவைப் பார்த்தார். “சொட்டணும்னு உனக்குத் தெரியுமா? தெரிஞ்சா உன்னுதை ஏன் இறுக்கி வெச்ச?”

சங்கரிதான் முந்திக்கொண்டாள். “மொதல்ல என்னுதைப் பண்ணிட்டா மேடம். தன்னுதைப் பண்றதுக்குள்ள நான் டீய எடுத்தாந்து கெடுத்துட்டேன்.”

“அப்படியா? அப்போ பம்ப் ஹவுஸ் ஜீவிதாவுக்குத்தானே நியாயம்? என்னம்மா சொல்ற?”

ஒரு தலையாட்டல் போதும். எது வேண்டுமென்று நேற்றெல்லாம் சோறில்லாமல் கிடந்தாளோ, அது கையில் வந்து விழுந்துவிடும். ஜீவிதா நிமிர்ந்தாள். எதிரே சங்கரி சிரித்துக்கொண்டு நின்றாள். தொட்டிக்குப் போகப்போகிறவள் இவளுக்காகச் சந்தோஷப்பட்டுச் சிரிக்கிறாள்! அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஜீவிதாவுக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. அவள் போட்ட பிச்சையில் பம்ப் ஹவுஸா?

“எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம்,” என்றாள். “அவ பம்பு ஒழுகட்டும், அவ அசிங்கப்படட்டும்னுதான் லூஸ் பண்ணேன்.”

சங்கரியின் சிரிப்பு நின்றுபோனது. திங்கட்கிழமையிலிருந்து ஜீவிதா தொட்டிக்கு என்று முடிவாயிற்று.

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே ஷேர் ஆட்டோவுக்குக் காத்துக்கொண்டு இரண்டு பேரும் தள்ளித் தள்ளி நின்றார்கள். ஒரு ஆட்டோ வந்து, ஆள் ஏறாமல் போயிற்று. சங்கரிதான் வாயைத் திறந்தாள். கண் சிவந்திருந்தது.

“பம்ப் ஹவுஸ் வேணும்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே வுட்டுக் குடுத்திருப்பேனேடி.”

“குடுத்திருப்ப,” என்றாள் ஜீவிதா. “எனக்குத் தெரியும். நானா இருந்தா குடுத்திருக்க மாட்டேன். அதாண்டி என்னால தாங்க முடியல.”